பதிவறைக் கோப்புகள்: எதை எவ்வளவு காலம் வைத்திருப்பது?

2010-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசுப் பணி நியமனங்களில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை என்பது அதன் சாரம். அது வந்த நாள்முதல் கல்லூரி, பல்கலைக்கழக அலுவலகங்களின் சன்னல்களில் புதிய வரிசை ஒன்று நிற்கத் தொடங்கியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு பட்டம் வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து, “நான் தமிழ்வழியில்தான் படித்தேன் என்று சான்று கொடுங்கள்” என்றார்கள். 2020-இல் சட்டம் திருத்தப்பட்டு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்றானபோது வரிசை இன்னும் நீண்டது. பழைய பட்டச் சான்றிதழ்கள் பலவற்றில் பயிற்றுமொழி இருக்காது. மதிப்பெண் பட்டியலிலும் தேடினால் கிடைக்காது. சேர்க்கை விண்ணப்பத்திலோ தேர்வு விண்ணப்பத்திலோ ஒரு சிறு கட்டத்தில் ‘தமிழ்’ என்று எழுதியிருக்கும். அந்த விண்ணப்பம் இடப்பற்றாக்குறையால் எடைக்குப் போயிருந்தால், உண்மையாகவே தமிழ்வழியில் படித்த ஒருவர் அதை நிரூபிக்க வழியின்றி நிற்பார்.

கோப்புகளை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம் நம் அலுவலகங்கள் அலமாரியைத்தான் முதலில் பார்க்கின்றன. இடம் இருந்தால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் அப்புறப்படுத்து என்பதே நடைமுறை. பார்க்க வேண்டியது சன்னலுக்கு வெளியே நிற்கப்போகிறவரை. இந்தக் காகிதத்தைத் தேடி யார் வருவார், எத்தனை ஆண்டு கழித்து வருவார், இது இல்லாவிட்டால் அவருக்கு என்ன நட்டம்? இந்த மூன்றுக்கும் பதில் எழுதிவிட்டால் காலக்கெடு தானே கிடைத்துவிடும். 20 வயதில் பட்டம் பெறுபவர் 58 அல்லது 60 வயதுவரை பணியில் இருப்பார். அதற்குப் பிறகு ஓய்வூதியம், வெளிநாட்டில் பிள்ளைகளோடு குடியேறுவதற்கான விண்ணப்பம் என்று அவருடைய கல்விச் சான்று இன்னொரு இருபது முப்பது ஆண்டு தேவைப்படும். ஆகவே மாணவரைப் பற்றிய அடிப்படைப் பதிவுகளின் ஆயுள் ஒரு மனிதரின் ஆயுள். இதற்குக் குறைவான எந்தக் கணக்கும் தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் நிலைப்பாடு.

இரண்டெழுத்துத் தீர்ப்பு

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் டாட்டன்ஹாம் முறை என்ற பழைய சென்னை மாகாண நடைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. பல்கலைக்கழக அலுவலகங்கள் பலவும் அதையொட்டியே நடக்கின்றன. ந.க. எண்ணோடு தொடங்கும் கோப்பு முடியும்போது, பிரிவு எழுத்தர் அதன் தலையில் ஒரு குறி இடுவார். ஓ.மு. என்றால் ஓராண்டு. மூ.மு. என்றால் மூன்றாண்டு. ப.மு. என்றால் பத்தாண்டு. நி.மு. என்றால் நிரந்தரம். அந்தக் கோப்பின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்தக் குறிதான்.

முறை நல்ல முறை. சிக்கல், குறியிடும் நேரத்தில் இருக்கிறது. மாதக் கடைசியில், தன்பதிவேட்டில் நிலுவையைக் குறைக்கும் அவசரத்தில், கோப்பைத் திறந்தே பார்க்காமல் எல்லாவற்றிலும் ப.மு. என்று எழுதித் தள்ளுவது வழக்கமாகிவிடுகிறது. பத்தாண்டு என்பது நடுவாந்திரமாக, பாதுகாப்பாகத் தோன்றுகிறது. விளைவு, இருக்கை மாற்றிய கடிதம் பத்தாண்டு தூங்குகிறது. ஒரு புதிய பட்டப்படிப்பைத் தொடங்க ஒப்புதல் அளித்த கோப்பும் அதே பத்தாண்டில் அழிப்புப் பட்டியலுக்கு வருகிறது. குறியிடுவதை எழுத்தரின் விருப்பத்துக்கு விடாமல், ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் இன்ன காலம் என்று ஓர் அட்டவணையை சிண்டிகேட்டில் வைத்து ஒப்புதல் பெற்று, பிரிவுதோறும் ஒட்டிவைக்க வேண்டும்.

அட்டவணையில் ஆண்டுக்கணக்கோடு இன்னொரு பத்தியும் வேண்டும்: எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது. இதை விட்டுவிடும் அட்டவணைகள் பயன்படுவதில்லை. மாணவர் கோப்புக்குச் சேர்ந்த நாளைக் கணக்கில் எடுக்கக்கூடாது. படிப்பை முடித்த அல்லது விட்டுப் போன நாளிலிருந்து எண்ண வேண்டும். கட்டட ஒப்பந்தம் என்றால் கையெழுத்தான நாள் உதவாது. இறுதிப் பட்டியல் தொகை கொடுத்து, குறைபாட்டுப் பொறுப்புக் காலமும் முடிந்த நாளே தொடக்கம். ஆய்வுத் திட்டம் என்றால் பயனீட்டுச் சான்றிதழை நிதி தந்த நிறுவனம் ஏற்றுக்கொண்ட நாள். ஒரே ‘ஐந்தாண்டு’ இந்தத் தொடக்க நாளைப் பொறுத்து எட்டாண்டாகவும் ஆகும், இரண்டாண்டாகவும் சுருங்கும்.

வெளிநாட்டு அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்டுவதும் ஆபத்து. இங்கிலாந்தில் பல பல்கலைக்கழகங்கள் மாணவரின் பொதுக்கோப்பை அவர் வெளியேறி 6 ஆண்டில் அழிக்கின்றன. அங்கே ஒப்பந்த வழக்குக்கான காலவரம்பு 6 ஆண்டு என்பதால் வந்த எண் அது. நம் 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தில் ஒப்பந்த, பண வழக்குகளுக்கு 3 ஆண்டு. அசையாச் சொத்தின் உடைமைக்கு 12 ஆண்டு. நமக்கான எண்கள் நம் சட்டங்களிலிருந்தும் நம் மாணவர்களின் தேவையிலிருந்தும் வரவேண்டும்.

என்றைக்கும் அழிக்கக்கூடாதவை

முதலிடம் மதிப்பெண் தொகுப்புப் பதிவேட்டுக்கு. தேர்வுப் பிரிவில் எல்லாரும் டி.ஆர். என்று சொல்லும் அந்தப் பதிவேட்டின் பழைய பக்கம் ஒன்றை விரித்துப் பாருங்கள். மேசை அகலத்துக்கு நீளும் தாள். இடது ஓரத்தில் பதிவெண், அடுத்து பெயர், பிறகு தாளுக்கொரு பத்தி, கடைசியில் மொத்தமும் வகுப்பும். ஒரு பெயருக்கு நேரே 38 என்ற எண்ணைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 42 என்று எழுதி, பக்கத்தில் மறுமதிப்பீட்டு ஆணையின் எண்ணும் தேதியும் போட்டு அலுவலர் சுருக்கொப்பம் இட்டிருப்பார். தோல்வியைத் தேர்ச்சியாக்கிய அந்தத் திருத்தத்துக்கு உலகில் வேறெங்கும் சாட்சி கிடையாது. பட்டதாரியின் கையில் இருக்கும் மதிப்பெண் பட்டியல் உண்மையானதா என்று ஆசிரியர் தேர்வு வாரியமோ, பள்ளிக் கல்வித் துறையோ உண்மைத்தன்மைச் சான்று கேட்டு எழுதும்போது, ஒப்பிட்டுப் பார்க்கும் மூலம் இந்தப் பக்கம்தான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் கடலூரிலும் எத்தனையோ வீடுகளில் சான்றிதழ்கள் நனைந்து கூழாயின. நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. மூலப்பதிவேடு உள்ளே பத்திரமாக இருக்கும்வரைதான் அப்படி ஒரு முகாமை நடத்த முடியும். அதனால் டி.ஆர். இருக்கும் அறை தரைத்தளத்தில் இருக்கக்கூடாது. அதன் ஒரு படி வேறு வளாகத்தில் இருக்க வேண்டும்.

டி.ஆரோடு நிரந்தர வரிசையில் நிற்பவை: மாணவர் சேர்க்கைப் பேரேடு, பட்டமளிப்புப் பதிவேடு, செனட், சிண்டிகேட், கல்விக்குழு ஆகியவற்றின் நடவடிக்கைக் குறிப்புகள், சட்டவிதிகளும் அவற்றின் திருத்தங்களும், கல்லூரிகளுக்கு இணைப்பு வழங்கிய ஆணைகள், நிலப்பத்திரங்கள், கட்டட வரைபடங்கள், அறக்கொடைப் பத்திரங்கள், ஆண்டுக் கணக்கு அறிக்கைகள். சேர்க்கைப் பேரேட்டில் பயிற்றுமொழிக்கும், நேரடி வகுப்பா தொலைநிலைக் கல்வியா என்பதற்கும் தனிப் பத்திகள் கட்டாயம் வேண்டும். விண்ணப்பத்தை அழிக்கும் முன் அதிலுள்ள இந்த விவரங்கள் பேரேட்டுக்கு வந்துவிட்டனவா என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

பாடத்திட்டத்தைப் பலர் இந்த வரிசையில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். ஒரு பட்டம் இன்னொரு பட்டத்துக்கு இணையா என்று அரசுப் பணிக்கு இணைத்தன்மை பார்க்கும்போதும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பட்டத்தை மதிப்பிடும்போதும், அந்த ஆண்டில் நடத்திய பாடத்திட்டத்தைத்தான் கேட்பார்கள். இன்றைய பாடத்திட்டத்தைக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். ஒவ்வொரு பாடத்திட்ட மாற்றத்தின்போதும் கல்விக்குழு ஒப்புதல் அளித்த பிரதி இரண்டும், ஒவ்வொரு பருவத்தின் வினாத்தாளில் ஒரு பிரதியும் போதும். பெரிய இடம் பிடிக்காது.

பல்கலைக்கழகங்கள் பிரிந்ததால் வந்த பதிவேடுகளுக்குத் தனிக் கவனம் தேவை. 1982-இல் கோவையில் பாரதியார் பல்கலைக்கழகமும் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகமும் தொடங்கும் முன் அந்தப் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. கோவையில் 1975-இல் படித்து முடித்தவரின் மதிப்பெண் மூலம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் இருக்கிறது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வருவதற்கு முந்தைய மருத்துவப் பட்டங்களுக்கும் இதே நிலைதான். அண்ணா பல்கலைக்கழகம் 2007-இல் பிரிந்து, 2012-இல் மீண்டும் ஒன்றானது. இடைப்பட்ட ஆண்டுகளில் கோவை, திருச்சி, திருநெல்வேலியில் தனித்தனிப் பெயர்களில் பதிவேடுகள் உருவாயின. எந்த ஆண்டுகளுக்கான எந்தக் கல்லூரிகளின் பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிச் சன்னலருகே வைத்தால், ஊர் ஊராக அலையும் எத்தனையோ பேரின் பேருந்துக் கட்டணம் மிச்சமாகும்.

மத்திய அரசின் 1993-ஆம் ஆண்டுப் பொதுப்பதிவேடுகள் சட்டம் புதுச்சேரி, திருவாரூர் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். 1892-க்கு முன் உருவான எந்தப் பதிவையும், படிக்கவே முடியாதபடி சிதைந்து ஆவணப் பயன்பாட்டுக்கு உதவாது என்று ஆவணக்காப்பகத் தலைவர் கருதினாலொழிய, அழிக்கக்கூடாது என்கிறது அச்சட்டம். மீறினால் 5 ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். மாநிலப் பல்கலைக்கழகங்களை இந்தச் சட்டம் கட்டாவிட்டாலும், 1857-இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றுக்கு இந்த நெறியைத் தானாக ஏற்பதுதான் அழகு. அதன் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை இருவருமே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அந்தக் காலத்துப் பதிவு ஒவ்வொன்றும் இரண்டு நாடுகளின் கல்வி வரலாற்றுக்குச் சொந்தம்.

ஆய்வாளரின் அறிக்கைகள்

சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த கணிதமேதை இராமானுசனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913 மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு அறிக்கை தரவேண்டும் என்பது நிபந்தனை. 1914 மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன் அவர் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். அந்த மூலங்கள் இன்று இல்லை. 1925-இல் ஒருவர் கையால் எழுதி எடுத்த படி தப்பிப் பிழைத்ததால்தான் அவற்றில் என்ன இருந்தது என்று கணித உலகுக்குத் தெரியும்.

உதவித்தொகை பெறுபவரின் காலாண்டு அறிக்கையை இன்றைய அலுவலகம் எந்த வகையில் சேர்க்கும் என்று நினைத்துப் பாருங்கள். உதவித்தொகைப் பட்டியலோடு நூலில் கட்டி, மூ.மு. என்று எழுதி, தணிக்கை முடிந்ததும் அழித்துவிடும். கணக்குக் காகிதமும் அறிவுக் காகிதமும் ஒரே கட்டில் கிடப்பதால் வரும் கேடு இது. பற்றுச்சீட்டையும் வருகைச் சான்றையும் கணக்குப் பிரிவுக்கு அனுப்புங்கள். அறிக்கையைப் பிரித்தெடுத்து ஆய்வாளரின் தனிக்கோப்பில் சேருங்கள். அந்தக் கோப்பை நிரந்தரமாக வையுங்கள்.

முனைவர் பட்ட ஆய்வேடு நூலகத்திலும் சோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்திலும் இருக்கும். ஆனால் அதை மதிப்பிட்ட தேர்வாளர்களின் அறிக்கைகளும் வாய்மொழித் தேர்வுக் குறிப்பும் பதிவாளர் அலுவலகத்தில்தான் இருக்கும். ஐந்தாண்டில் அழித்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் உடன்படமாட்டேன். கருத்துத்திருட்டு பற்றிய 2018-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளுக்குப் பிறகு, பட்டம் வழங்கிப் பல ஆண்டு கழித்தும் புகார்கள் வருகின்றன. அப்போது தேர்வாளர் என்ன சொன்னார், திருத்தம் கேட்டாரா, திருத்தப்பட்டதா என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். ஓர் ஆய்வேட்டுக்குச் சில பக்கங்கள்தான். வைத்துக்கொள்ளுங்கள்.

விடைத்தாள்: 195 நாள் கணக்கு

பதிவறையில் அதிக இடத்தை அடைப்பது விடைத்தாள். பருவத்துக்கு ஒரு லட்சம் மாணவர், ஆளுக்கு ஆறு தாள் என்றால் ஆண்டுக்கு 12 லட்சம் விடைத்தாள். இதை நிரந்தரமாக வைப்பது நடக்காத காரியம். எவ்வளவு சீக்கிரம் அழிக்கலாம் என்பதே கேள்வி.

2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், தேர்வெழுதியவர் தன் மதிப்பிடப்பட்ட விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்க்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு, நிறுவனத்தின் விதிப்படி விடைத்தாள் வைத்திருக்கும் காலம்வரைதான் இந்த உரிமை செல்லும் என்றும் தெளிவாக்கியது. சட்டத்தின் 8(3) பிரிவில் வரும் 20 ஆண்டு என்பதைக் காட்டி, எல்லாவற்றையும் 20 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி ஒரு கடமையை அந்தப் பிரிவு விதிக்கவில்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு மூன்று மாதத்தில் அழிக்க விதி செய்துகொள்ளும் எண்ணம் வரலாம். வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர்வு முடிவு வந்த மறுநாளே ஒரு மாணவி மனுப் போடுகிறாள். பதில் தர 30 நாள். பதிலில் நிறைவில்லையென்றால் முதல் மேல்முறையீடு செய்ய 30 நாள். அதை முடிக்க அதிகபட்சம் 45 நாள். பிறகு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்ய 90 நாள். மொத்தம் 195 நாள். ஆணையம் விசாரிக்கும் காலத்தை இதில் சேர்க்கவே இல்லை. கேட்கப்பட்ட தகவலை அழித்தால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய்வரை தண்டம், அதுவும் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து. எனவே முடிவு வெளியான நாளிலிருந்து ஓராண்டு வைப்பதே நேர்மையான காலம். மனு, மறுமதிப்பீடு, வழக்கு, முறைகேட்டு விசாரணை ஆகியவற்றில் சிக்கிய விடைத்தாள்களை மட்டும் பிரித்தெடுத்து, விவகாரம் இறுதியாக முடியும்வரை தனிப் பெட்டியில் பூட்டிவையுங்கள். தேர்வுக்கூட வருகைத்தாளும், அறைக் கண்காணிப்பாளரின் அறிக்கையும் விடைத்தாளுக்கு முன்னால் அழியக்கூடாது. ஆள்மாறாட்டப் புகார் வந்தால் தேவைப்படுபவை அவை.

மற்ற கோப்புகள்

மாணவர் தனிக்கோப்புக்கு, அவர் வெளியேறியபின் 10 ஆண்டு. இடம் கிடைக்காத விண்ணப்பதாரர்களின் விண்ணப்பங்களுக்கு, சேர்க்கை முடிந்தபின் ஓராண்டு. ஒதுக்கீடு பற்றி வழக்கு இருந்தால் அது முடியும்வரை. இந்த வகையில் நீண்ட காலம் வைப்பது தவறு என்றே சொல்வேன். சாதிச் சான்று, ஆதார் நகல், வங்கிக் கணக்கு, குடும்ப வருமானம் எல்லாம் அதில் இருக்கின்றன. நம்மிடம் படிக்கவே வராத ஒரு பிள்ளையின் அந்தரங்கத்தை மூட்டைகட்டி வைத்திருக்க நமக்கு உரிமை கிடையாது. 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நோக்கம் முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதபோது, தரவை நீக்கவே சொல்கிறது.

பழைய அலமாரிகளில் மாணவர்கள் வாங்காமல் விட்ட மூலச் சான்றிதழ்கள் கிடைக்கும். மூலங்களைப் பிடித்துவைக்கக்கூடாது என்று மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. இவை நம் பதிவுகளே அல்ல, அவரவர் உடைமை. அழிப்புப் பட்டியலில் சேர்க்காமல், பெயர்ப்பட்டியலை வெளியிட்டு, உரியவரைத் தேடிக் கொடுக்க வேண்டும்.

பணிப்பதிவேடு ஓய்வு பெறும் நாளோடு முடிவதில்லை. 2003 ஏப்ரல் 1-க்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் உண்டு. அவர்களுக்குப் பின் துணைவருக்கும், சில நேரம் மகளுக்கும் குடும்ப ஓய்வூதியம் போகும். கடைசிப் பயனாளியின் காலத்துக்குப் பிறகே பணிப்பதிவேட்டைப் பற்றி யோசிக்கலாம்.

கணக்குச் சீட்டுகளில் சட்ட எண்கள் தெளிவானவை. ஜி.எஸ்.டி. பதிவுகளுக்கு ஆண்டறிக்கை தாக்கல் செய்யும் கடைசி நாளிலிருந்து 72 மாதம். வருமான வரி விலக்குக்கு ஒப்புதல் பெற்று நடக்கும் அறக்கட்டளைப் பல்கலைக்கழகங்கள், 2022-இல் வந்த விதிப்படி, உரிய மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 10 ஆண்டு கணக்குப் புத்தகங்களை வைத்திருக்க வேண்டும். வரிச்சட்டம் மாறும்போதெல்லாம் இந்த எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் இந்த எண்களையெல்லாம் விழுங்கும் ஒன்று இருக்கிறது: தணிக்கைத் தடை. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பிய தடை நீங்கும்வரை அதற்குரிய சீட்டை அழிக்கமுடியாது. இருபது ஆண்டுப் பழைய தடைகள் நிலுவையில் கிடக்கும் அலுவலகத்தில் பதிவறையைச் சுத்தம் செய்யும் வேலை, தணிக்கைக் குழுவோடு அமர்ந்து தடைகளைத் தீர்ப்பதில்தான் தொடங்கும்.

கணினிக்குள் இருப்பவை

‘எல்லாம் கணினியில் ஏற்றியாகிவிட்டது, காகிதத்தை எடுத்துவிடலாம்’ என்ற பேச்சை எச்சரிக்கையோடு கேளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, மின்பதிவைப் பின்னர் எடுத்துப் படிக்க முடியவேண்டும், உருவான வடிவத்தைத் துல்லியமாகக் காட்டவேண்டும் என்கிறது. நம் அலுவலகங்களில் ஃபாக்ஸ்புரோவில் ஏற்றிய 1990-களின் தேர்வு முடிவுகள் எத்தனை இன்று திறக்கின்றன? வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ்ப் பெயர்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகச் சிதறுகின்றன. அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முந்தைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்ட பிறகே பழையதை விடலாம்.

டி.ஆரை வருடும்போது கறுப்பு வெள்ளையில் வருடாதீர்கள். சிவப்பு மைத் திருத்தம் கறுப்போடு கலந்துபோனால், எது முதல் மதிப்பெண், எது திருத்தியது என்று தெரியாது. வண்ணத்தில் வருடி, பி.டி.எஃப்/ஏ வடிவில் சேமித்து, இரண்டு ஊர்களில் படி வையுங்கள். டிஜிலாக்கர் வழியான தேசியக் கல்விக் களஞ்சியத்தில் சான்றிதழ்களை ஏற்றுவது மாணவருக்குப் பெரிய உதவி. ஆனாலும் அங்கே இருப்பது சான்றிதழ். அதற்கு ஆதாரமான பதிவேடு நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

அழிக்கும் முறை

காலம் முடிந்த கோப்பை அழிக்காமல் வைப்பதும் குற்றத்தில் சேர்த்தியே. வேண்டாத மூட்டைகளுக்கு நடுவில் வேண்டிய கோப்பு தொலைகிறது. ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று தகவல் மனுவுக்குப் பதில் எழுதித் தப்பிக்கவும் முடியாது. முறையாகத் தேடி, பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை, தேர்வு வேலை குறைந்த மாதத்தில், பதிவறை எழுத்தர் காலம் முடிந்தவற்றின் பட்டியலை எழுத வேண்டும். ‘பழைய காகிதங்கள், 40 மூட்டை’ என்று எழுதினால் அது பட்டியல் ஆகாது. ‘தேர்வு விண்ணப்பங்கள், இளநிலை, ஏப்ரல் 2019, பதிவெண் இன்னதிலிருந்து இன்னதுவரை, 46 கட்டுகள், அட்டவணை வரிசை எண் 23’ என்று இருக்க வேண்டும். பட்டியல் நான்கு மேசைகளுக்குப் போகட்டும்: சட்டப்பிரிவு, பொதுத்தகவல் அலுவலர், தணிக்கைப் பிரிவு, விசாரணைகளைக் கவனிக்கும் பிரிவு. நால்வரும் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகு, வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவரும் உள்ள குழு கட்டுகளை நேரில் புரட்டிப் பார்க்கட்டும். வேறு யார் கண்ணுக்கும் படாதது அவர் கண்ணுக்குப் படும். கடைசியாகப் பதிவாளரின் ஆணை.

எடைக்குப் போடுவது அழிப்பு அல்ல. விடைத்தாளும் விண்ணப்பமும் கடையில் வடை மடிக்கும் காகிதமாக வெளியே வந்தால், அது பல்கலைக்கழகத்தின் மானத்தோடு மாணவரின் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் சேர்த்தே விற்றதாகும். வளாகத்திலேயே துண்டாக்கி, அல்லது அலுவலர் உடன்சென்று காகித ஆலையில் கூழாக்கும்வரை இருந்து, எடையும் தேதியும் சாட்சிகளின் கையெழுத்தும் பெற வேண்டும். கணினி வட்டுகளையும் ஏலத்தில் விடும் முன் தரவை மீட்க முடியாதபடி அழிக்க வேண்டும்.

இவை எல்லாம் அழிப்புப் பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவேடு நி.மு. வகை. ‘எங்கள் கோப்பு எங்கே?’ என்று இருபது ஆண்டு கழித்து ஒருவர் கேட்டால், இன்ன விதிப்படி இன்ன நாளில் அழித்தோம் என்று காட்ட அதுதான் ஆதாரம்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் சிண்டிகேட் ஒப்புதல் பெற்ற காலக்கெடு அட்டவணை இருக்கிறதா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் அதைச் சேர்க்கும்படி குறிப்பு எழுதுங்கள். அட்டவணை வரும்வரை, மதிப்பெண் பதிவேடும் சேர்க்கைப் பேரேடும் இருக்கும் அறையிலிருந்து ஒரு கட்டும் வெளியே போகவேண்டாம்.